தேவாங்கும் சீழ்க்கைப் பூங்குருவியும்: யாருடைய காய்ச்சலை அளக்கிறோம்?

நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள ஒரு தோட்டத்துக்கு மாமா வீட்டு விசேஷத்துக்காகப் போயிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம். லயத்துக்குப் பின்னால் முறிந்து விழுந்த பலாக்கிளையோடு கீழே வந்துவிட்டது என்று சொல்லி, பையன்கள் ஒரு சிறு விலங்கைக் கொழுந்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. "குரங்குக் குட்டி" என்றார் ஒருவர். "இல்லை, கரடிக் குட்டி" என்றார் இன்னொருவர். "வாசலில் வைத்து அதன் முகத்தில் விழிக்காதீர்கள், வீட்டுக்கு ஆகாது" என்று ஒரு பாட்டி பதறினார். உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன் மட்டும், "பாட்டி, இது உலகத்திலேயே அழிந்துபோன தேவாங்கு. பேப்பரில் போட்டிருந்தார்கள்" என்றான்.

நான் குனிந்து பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. குச்சி போன்ற கால்கள். வால் இல்லை. முகத்தில் பாதியை இரண்டு வட்டக் கண்களே எடுத்துக்கொண்டிருந்தன. கூடையின் விளிம்பை அது பற்றியிருந்த விதம்தான் என்னை அசைத்தது. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், ஒவ்வொரு விரல் நுனியிலும் நம்முடையதைப் போன்ற தட்டையான நகம். பின்னங்காலில் மட்டும், கட்டைவிரலுக்கு அடுத்த விரலில், நகத்துக்குப் பதிலாக ஒரு கூரிய உகிர் இருந்தது. மயிரைக் கோதிக்கொள்ள அது வைத்திருக்கும் சீப்பு அது.

அன்று கூடையைச் சுற்றி நின்றவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் வேறு வேறு வடிவத்தில் கேட்டுக்கொண்டேயிருக்கிறேன். "இது யார்?" என்பது ஒரு கேள்வி. "இது எப்படி இருக்கிறது, பிழைக்குமா?" என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை தருவது வகைப்பாடு. இரண்டாவதற்கு விடை தருவது பாதுகாப்பு நிலை. இரண்டையும் கலந்து பேசும்போதுதான் குழப்பம் வருகிறது. நம் மலையகத்தின் ஒரு சிறு பாலூட்டியையும் ஒரு பறவையையும் அருகருகே வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். பாலூட்டி, தேவாங்கு. பறவை, மலை ஓடைகளில் வாழும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி.

முகவரியில் தொடங்கலாம்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முகவரி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாவட்டம், தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா, கடைசியில் பெயர். ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் தனக்குள் அடக்கியிருக்கிறது. ஒரே லயத்தில் இருக்கும் இருவர் வேறு வேறு டிவிஷனில் இருக்க முடியாது.

உயிரினங்களை அடுக்கும் முறையும் வடிவத்தில் இதைப் போன்றதே. நம் பாடநூல்கள் சொல்லும் வரிசைப்படி வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று மேலிருந்து கீழே வரலாம். இவற்றில் வருணம், சாதி என்ற சொற்களைப் பார்த்துத் தயங்கவேண்டாம். மனிதர் மனிதர்மேல் சுமத்திய ஏற்றத்தாழ்வுக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நெருங்கிய இனங்களைச் சேர்த்துக் கட்டிய சிறு கட்டு சாதி. பல குடும்பங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கட்டு வருணம். இனம் என்பது, பொதுவாகச் சொன்னால், தங்களுக்குள் கூடி வளமான குட்டிகளைப் பெறும் உயிர்களின் கூட்டம். அந்த இனத்துக்குள்ளேயே ஒரு பகுதி தனித்து வாழ்ந்து, உடலமைப்பில் தெளிவாக வேறுபட்டுவிட்டால் அதைத் துணையினம் என்கிறோம்.

முகவரி உவமை இதற்கு மேல் தாங்காது. காம்பரா மாறினால் முகவரி மாறும், ஆனால் உங்கள் பாட்டி யார் என்பது மாறாது. வகைப்பாடு கேட்பது பாட்டி யார் என்பதைத்தான். இரண்டு உயிர்களின் பரம்பரையைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் பொதுவான மூதாதை வரும். அந்த மூதாதை எவ்வளவு அண்மையில் வாழ்ந்ததோ அவ்வளவு நெருங்கிய உறவு. எங்கே வாழ்கிறது, பறக்கிறதா, இரவில் நடமாடுகிறதா என்பவை உறவைத் தீர்மானிப்பதில்லை. வௌவால் பறக்கிறது, ஆனால் குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அது பறவைகளின் வம்சத்தில் வந்ததல்ல.

தேவாங்கு யாருக்குச் சொந்தம்?

தேவாங்கு பாலூட்டி வகுப்பைச் சேர்ந்தது. வருணத்தில் அது முதனி. குரங்குகளும் மனிதர்களும் உட்பட, பற்றும் கைகளும் முன்நோக்கிய கண்களும் கொண்ட விலங்குகளின் வருணம் அது. கூடையைப் பார்த்துக் குரங்குக் குட்டி என்றவர் முழுத் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் தேவாங்கு குரங்கும் இல்லை. குரங்குகளின் கிளையும் தேவாங்கின் கிளையும் 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகத் தனித்தனியே வளர்ந்தவை. ஈரமான மூக்கு, சீப்புப் போல் அமைந்த கீழ்ப்பற்கள், கோதும் உகிர், இருட்டில் வெளிச்சம் பட்டால் தணலாக ஒளிரும் கண்கள் ஆகியவை தேவாங்கின் கிளைக்கு உரியவை. ஆசியாவின் மந்தத் தேவாங்குகளும் ஆபிரிக்காவின் பொட்டோவும் அதன் அண்மை உறவுகள்.

மெலிந்தவர்களைப் பார்த்து "தேவாங்கு மாதிரி இருக்கிறாய்" என்று திட்டுவது நம் வழக்கம். சிங்களத்தில் இதற்கு உணஹபுளுவா என்று பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நாம் சொல்லும் அதே இடத்தில், சிங்களவர்கள் உணஹபுளுவாவுக்கும் தன் குட்டி மாணிக்கம் என்று சொல்வார்கள். நாம் ஒரு பறவையைச் சொல்ல அவர்கள் ஒரு சிறு பாலூட்டியைச் சொல்கிறார்கள். இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இலங்கையில் இரண்டு தேவாங்கு இனங்கள் உள்ளன. ஒன்று சாம்பல் தேவாங்கு. இது தென்னிந்தியாவிலும் உண்டு. அதற்காகவே தமிழ்நாட்டு அரசு 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயத்தை அறிவித்தது. மற்றது செந்தேவாங்கு. இது இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. நக்கிள்ஸ் பக்கம் வாழ்வது சாம்பல் தேவாங்கு என்பதால், கூடையில் இருந்ததும் அதுவே. பையன் பேப்பரில் படித்தது வேறொன்றைப் பற்றி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓடைக்கரைப் பறவை

சீழ்க்கைப் பூங்குருவி பறவை வகுப்பைச் சேர்ந்தது. காகம், மைனா, சிட்டு எல்லாம் அடங்கிய குருவிகளின் வருணத்தில் வருகிறது. ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளம். ஆண் கருநீலம், தோளில் மட்டும் ஒரு துண்டு பளிச்சென்ற நீலம். பெண் பழுப்பு. கோப்பித் தோட்டக்காரரான சாமுவேல் பிளை என்பவரின் பெயரை இட்டு, ஹோல்ட்ஸ்வேர்த் என்ற பறவையியலாளர் 1872இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அப்போது அவர் வைத்த சாதிப் பெயர் அரெங்கா. இன்று அந்தப் பெயர் வழக்கில் இல்லை. ஆனால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் பறவை பார்ப்பவர்கள் காத்திருக்கும் குளத்துக்கு இன்னும் அரெங்காக் குளம் என்றே பெயர்.

பெயரில் பூங்குருவி இருந்தாலும் இது இன்று பூங்குருவிக் குடும்பத்தில் இல்லை. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபின் சீழ்க்கைப் பூங்குருவிகள் அனைத்தையும் ஈப்பிடிப்பான்களின் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். பறவை மாறவில்லை. அதன் பாட்டி யார் என்று நாம் வைத்திருந்த கணக்குத்தான் திருத்தப்பட்டது. வகைப்பாடு கல்வெட்டு அல்ல, சான்று வந்தால் திருந்தும்.

தேவாங்குக்கும் இந்தப் பறவைக்கும் என்ன உறவு? இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டு, இரண்டும் வெப்பக் குருதி உள்ளவை, இரண்டும் பூச்சி தின்பவை, இரண்டும் ஒரே மலைக்காட்டில் வாழ்பவை. அப்படியிருந்தும் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பொதுவான மூதாதையைத் தேடினால் சுமார் 32 கோடி ஆண்டுகள் பின்னே போகவேண்டும். இன்று உயிரோடிருப்பவற்றில் பறவைகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் முதலைகள். தேவாங்குக்கு அந்தக் காட்டின் எந்தப் பறவையையும்விட நாம் நெருங்கிய சொந்தம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், வகைப்பாடு உறவைச் சொல்கிறது. ஒரே இடத்தில் வாழ்வதும் ஒரே மாதிரி வாழ்வதும் உறவல்ல. இதில் எங்குமே "அரியது" என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காய்ச்சல் அட்டை

இப்போது இரண்டாவது கேள்வி. வைத்தியசாலையில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் எத்தனை, நேற்று எத்தனை, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அதில் இருக்கும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1964 முதல் நடத்திவரும் சிவப்புப் பட்டியல் உயிரினங்களுக்கான அந்த அட்டை.

அதன் படிகள் இவை: கவலை குறைந்தது, ஆபத்தை நெருங்கியது, பாதிக்கப்படக்கூடியது, அருகிவருவது, மிக அருகியது, இயற்கையில் அற்றுப்போனது, முற்றாக அற்றுப்போனது. மதிப்பிடப் போதிய தகவல் இல்லையென்றால் தரவு போதாதது என்று தனியே எழுதிவிடுவார்கள்.

படியை நிர்ணயிப்பது கணக்கு. பத்து ஆண்டில் அல்லது மூன்று தலைமுறையில், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்தில், எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது? பாதியாகக் குறைந்தால் பொதுவாக அருகிவருவது. 80 வீதம் குறைந்தால் மிக அருகியது. வாழும் பரப்பு எவ்வளவு? 5000 சதுர கிலோமீற்றருக்குள் அடங்கி, அந்தப் பரப்பும் துண்டு துண்டாகிச் சுருங்கிக்கொண்டும் இருந்தால் அருகிவருவது. நுவரெலியா மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 1741 சதுர கிலோமீற்றர்தான். தேயிலையும் ஊரும் மரக்கறித் தோட்டமும் போக மிஞ்சும் காட்டை அதில் தேடிப்பாருங்கள், நிலைமை விளங்கும். இனப்பெருக்கம் செய்யும் வயதில் எத்தனை எஞ்சியுள்ளன என்பதும் ஓர் அளவுகோல்.

இங்கே மூன்று தவறுகளை அடிக்கடி காண்கிறேன்.

உள்நாட்டுக்கே உரியது என்றால் அழியப்போகிறது என்று பொருள் கொள்வது முதலாவது. இலங்கை வெள்ளைக்கண்ணி இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய குருவி. நுவரெலியாவில் வேலியோரப் பூமரங்களில் கூட்டம் கூட்டமாக வரும். சிவப்புப் பட்டியலில் கவலை குறைந்தது. "எங்கே மட்டும் இருக்கிறது" என்பது ஒரு தகவல், "எப்படி இருக்கிறது" என்பது இன்னொரு தகவல்.

கண்ணில் படாததை அரியது என்பதும், அடிக்கடி படுவதைப் பத்திரமானது என்பதும் இரண்டாவது. இரவில் மட்டும் வெளிவந்து ஓசையின்றி நகரும் விலங்கை நாம் காணாததில் வியப்பில்லை.

சட்டப் பாதுகாப்பையும் இந்த நிலையையும் ஒன்றாக எண்ணுவது மூன்றாவது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் தேவாங்கைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடைசெய்கின்றன. கூடையில் இருந்தது எந்த இனமாக இருந்தாலும், அதன் நிலை எந்தப் படியாக இருந்தாலும், அதை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

இரண்டு காய்ச்சலைக் கூட்டி இரண்டால் வகுத்தால்

இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்றேன். ஆனால் இரண்டாவது, முதலாவதின் தோள்மேல் நிற்கிறது. நான் முக்கியமாகச் சொல்லவந்தது இதைத்தான்.

அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு நோயாளிகள். ஒருவருக்கு 104 பாகைக் காய்ச்சல். மற்றவருக்கு 98. இருவரையும் ஒரே ஆள் என்று தவறாக எண்ணி ஒரே அட்டையில் சராசரி எழுதினால் 101 வரும். மருத்துவர் "கொஞ்சம் காய்ச்சல்" என்று நகர்ந்துவிடுவார். 104 பாகையில் கிடப்பவர் அந்தச் சராசரிக்குள் காணாமல் போவார். யார் யார் என்று சரியாகப் பிரிக்காமல் யாருக்கு எவ்வளவு காய்ச்சல் என்று சொல்லவே முடியாது.

செந்தேவாங்கில் நடப்பது இதுவே. செந்தேவாங்கு என்ற இனத்துக்குள் தென்மேற்குத் தாழ்நிலத்து ஈரக்காடுகளில் ஒரு துணையினம் வாழ்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் குளிரில் இன்னொன்று. 1937இல் அங்கே பிடிபட்டவற்றை ஆராய்ந்து, 1942இல் ஓஸ்மன் ஹில் என்ற உடற்கூற்றியலாளர் அதைத் தனித் துணையினமாக விவரித்தார். கடல்மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல், தை மாசியில் புல்லின்மேல் உறைபனி படியும் இடம் அது. தாழ்நிலத்து உறவை ஒப்பிட்டால் இதன் கைகால்கள் குட்டையானவை, தடித்தவை. மயிர் அடர்ந்தது. அகன்ற பீங்கானில் ஊற்றிய தேநீர் சட்டென்று ஆறிவிடும், மூடிய கெண்டியில் இருப்பது நெடுநேரம் சூடாக இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பரப்பு குறைந்தால் வெப்ப இழப்பும் குறையும். குளிர்மலைத் தேவாங்கின் உடம்பு கெண்டியின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

அதன் பிறகு அதைக் கண்டவர்கள் மிகச் சிலர். அற்றுப்போயிற்று என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 2002இல் ஒரு முறை இருட்டில் கண்கள் மட்டும் தென்பட்டன. 2009இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழக ஆய்வாளர்களும் லண்டன் விலங்கியல் சங்கத்தினரும் சேர்ந்து நடத்திய தேடலில் முதல் முறையாக அதன் படம் எடுக்கப்பட்டு, 2010இல் வெளியிடப்பட்டது. பையன் படித்த செய்தி இதுதான். "அழிந்த விலங்கு மீண்டும் வந்தது" என்று தலைப்பிட்டவர்கள் ஒரு சொல்லைத் தவறாக ஆண்டுவிட்டார்கள். கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் ஐயமே இல்லை எனும் அளவுக்கு உரிய இடங்களில், உரிய காலங்களில், திரும்பத் திரும்பத் தேடிய பிறகே அற்றுப்போனது என்று எழுதலாம். காணவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

செந்தேவாங்கு முழுவதையும் ஒரே அட்டையில் எழுதினால் அருகிவருவது என்று வருகிறது. அது பொய் அல்ல. ஆனால் மலையுச்சியின் காட்டுத்துண்டுகளில் மட்டும் எஞ்சியிருக்கும் இந்தத் துணையினத்துக்குத் தனி அட்டை வேண்டும். இதைத் துணையினம் என்று வைப்பதா, தனி இனமாகவே உயர்த்துவதா என்ற ஆய்வாளர்களின் வாதம் வெறும் பெயர்ச் சண்டையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய காய்ச்சலை அளப்பது என்பதை அந்த வாதம் முடிவுசெய்கிறது. சிவப்புப் பட்டியலும் முதலில் இனங்களைத்தான் மதிப்பிடுகிறது. துணையினத்தின் முறை அதற்குப் பிறகே வருகிறது.

பூங்குருவியில் இந்தச் சிக்கல் இல்லை. அது தெளிவான தனி இனம், மலையகத்துக்கு மட்டுமே உரியது. ஒரே நோயாளி, ஒரே அட்டை. மேற்குத்தொடர்ச்சி மலையில் அதன் உறவான மலபார்ச் சீழ்க்கைப் பூங்குருவி நலமாக, பரவலாக வாழ்கிறது. சாதி ஒன்று, நிலை வேறு.

ஒரே படி, வேறு வேறு நோய்

செந்தேவாங்கும் சீழ்க்கைப் பூங்குருவியும் பட்டியலில் ஒரே படியில், அருகிவருவது என்ற படியில் நிற்கின்றன. காய்ச்சல் ஒன்று என்பதால் நோயும் ஒன்று என்று கொள்ளக்கூடாது.

அடிப்படைக் காரணம் இரண்டுக்கும் பொது. கோப்பிக்காக வெட்டிய காடு, 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி வீழ்ந்த பின் தேயிலையானது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்பேரில் 1873இல் 5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று அரசு முடிவெடுத்ததால்தான் உச்சிக் காடுகள் ஓரளவு மிஞ்சின. வெட்டிய கத்தியைப் பிடித்தவர்கள் நம் முன்னோர். அதில் ஒரு பிடி நிலமும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. இதை மறந்துவிட்டு மலையகக் காட்டைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

இனி வேறுபாடு. தேவாங்கு தாவாது. ஒரு கிளையை விடாமலே அடுத்த கிளையைப் பற்றி நகரும். இரண்டு மரங்களின் கிளைகள் தொடாத இடைவெளி நமக்கு ஒரு வெட்டவெளி, அதற்கு ஆறு. ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் பரப்பே சுமார் 3160 ஹெக்டேயர், அதிலும் கணிசமான பகுதி புல்வெளி. காட்டுத்துண்டுகளை மரங்களால் இணைப்பது தேவாங்குக்கு மருந்து. பூங்குருவி பறந்து தேயிலை மலையைக் கடந்துவிடும். ஆனால் போய்ச்சேரும் இடத்தில் நிழலடர்ந்த பள்ளத்தாக்கும் வேகமாக ஓடும் தண்ணீரும் கூடு வைக்கப் பாறை விளிம்பும் வேண்டும். ஓடைக்கரை மரங்களை மட்டும் வெட்டினால்கூட அதற்கு வீடு போய்விடும். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் பாதிதான் பலிக்கும்.

கூடையில் இருந்த தேவாங்கை அன்றிரவே பலாமரத்துக்குப் பக்கத்திலிருந்த மரத்தடியில் வைத்தோம். எல்லோரும் டோர்ச்சை அணைத்துவிட்டார்கள். சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு, ஒவ்வொரு கையாக மெல்ல எடுத்துவைத்து மேலே ஏறிப்போயிற்று. பாட்டி கடைசிவரை முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

பூங்குருவியைத் தேடி ஹக்கலைக் காட்டோரத்து ஓடைக்குப் போனது அடுத்த ஆண்டு. பொழுது சாயும் வரை தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான். பிறகு அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஊசி போன்ற ஒரு சீழ்க்கை. இரண்டு முறை. குறிப்பேட்டில் இடம், உயரம், திகதி, நேரம் எழுதினேன். சிவப்புப் பட்டியலின் அட்டைகளை நிரப்புவதற்கு இப்படிப்பட்ட பதிவுகளும் தேவைப்படுகின்றன, அதனால் கேட்டதற்கு மேல் ஒன்றும் எழுதக்கூடாது. இனத்தின் பெயருக்கு எதிரே எழுதினேன்: ஒலி மட்டும், பறவையைக் காணவில்லை.